கட்டிலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

கல்லூரி திறக்கும் காலம் வந்துவிட்டால் நுகர்வோர் கேள்விகளில் பாதி ஹாஸ்டலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: மகள் முதன்முறையாக ஹாஸ்டலுக்குப் போகிறாள். ஆன்லைனில் 'ஹாஸ்டல் கிட்' என்று 40 பொருட்கள் அடங்கிய பெட்டி கிடைக்கிறது. ஒரே ஆர்டரில் வேலை முடிந்துவிடுமே, வாங்கலாமா?

பதில்: வேலை முடிவது உங்களுக்கு. மகளுக்கு அங்கே போனபிறகுதான் ஆரம்பம்.

இந்த மாதிரிப் பெட்டிகள் சிலவற்றின் பட்டியலை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். சோப்பு டப்பா, சீப்பு, ஊசி நூல், துணி கிளிப் என்று எண்ணிக்கையைக் கூட்டும் சில்லறைச் சாமான்தான் பாதிக்கு மேல். உருப்படியான நாலைந்து பொருளில் முக்கியமானது படுக்கை விரிப்பு. அது கட்டிலுக்குப் பொருந்துமா என்பது அங்கே போனால்தான் தெரியும். பொருந்தவில்லை என்றால் விரிப்பை மட்டும் திருப்பி அனுப்ப முடியாது, பெட்டி மொத்தத்தையும் அனுப்ப வேண்டும். அதில் சோப்பைப் பிரித்திருப்பீர்கள்!

'சிங்கிள்' என்பது அளவல்ல, வெறும் பெயர். அந்தப் பெயரில் 190 செ.மீ. நீள மெத்தையும் வருகிறது, 203 செ.மீ. மெத்தையும் வருகிறது. ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் மெத்தையின் கனத்தையும் பார்க்க வேண்டும். 10 செ.மீ. மெத்தைக்கு 30 செ.மீ. ஆழமுள்ள விரிப்பைப் போட்டால் ராத்திரி முழுக்க முதுகுக்கடியில் துணி கயிறாகத் திரளும். ஆழம் குறைவாக வாங்கினால் திரும்பிப் படுத்ததும் மூலை கழன்று வந்துவிடும். அதனால் எலாஸ்டிக் இல்லாத சாதாரண விரிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், முதல் வாரத்துக்குப் போதும். கூடவே ஓர் அளவு நாடாவும். மற்றதை அவளே அளந்து வாங்கிக்கொள்வாள்.

முதல் இரண்டு மூன்று இரவுகளைத் தாண்ட என்ன வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். விரிப்பு, தலையணை, போர்வை, இரண்டு துண்டு, குளிக்கப் பல்துலக்க வேண்டியவை, செருப்பு, பூட்டு, சார்ஜர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், சான்றிதழ் நகல்கள். அவ்வளவுதான். இன்னொன்று: பெரும்பாலான கடைகளில் திருப்பி அனுப்புவதற்கான கெடு, பொருள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். ஒரு மாதம் முன்பே வாங்கி மூலையில் அடுக்கினால், பிரித்துப் பார்க்கும் நாளில் கெடு முடிந்திருக்கும்.

கேள்வி: படிப்பு முடித்துப் போகும் சீனியர் தன் மெத்தையை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்குவது சரியா?

பதில்: மேசை, நாற்காலி, புத்தக அலமாரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்பேன். மெத்தைக்குக் கண்ணை நன்றாகத் திறக்க வேண்டும்.

பயம் மூட்டைப்பூச்சிதான். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ. இருக்கும், ஆப்பிள் விதை அளவு, நிறமும் ஏறக்குறைய அதேதான். முட்டை 1 மி.மீ., வெள்ளையாக ஒட்டிக்கிடக்கும். பகலில் பூச்சியைப் பார்ப்பது கடினம், அது விட்டுப்போன தடயத்தைத் தேடுங்கள். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்தபடியே நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். பேனா மையைத் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? ஈரத் துணியால் தேய்த்தால் அந்தப் புள்ளி பழுப்பாகப் பரவுகிறதா? அப்படியானால் அன்பாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உறித்த தோல் கிடந்தாலும் அதே முடிவுதான்.

"ரொம்ப நாளாக யாரும் படுக்காத மெத்தை" என்பது உத்தரவாதமே அல்ல. ரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும் ஜந்து அது. வெயிலில் காயவைத்தால் போகும் என்பதையும் நம்பிவிட வேண்டாம், மேலே சூடானாலும் உள்ளே அவ்வளவு சூடு ஏறாது. விரிப்பு, உறை போன்றவற்றை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி செத்துவிடும். மெத்தையை அப்படித் துவைக்க முடியாது, சிக்கலே அதுதான்.

எல்லாம் சுத்தமாக இருந்தால் வாங்கலாம். நடுவில் கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள், பள்ளம் நிரம்பாமல் அப்படியே நின்றால் அந்த மெத்தைக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

கேள்வி: அறையில் மூன்று பேருக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். எட்டு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் எல்லாருக்கும் போதுமா? கெட்டிலும் போட வேண்டும்.

பதில்: சாக்கெட் எத்தனை என்பது கடைக்காரர் சொல்லும் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்பியர். பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் அது எத்தனை வாட் தாங்கும் என்பது கிடைக்கும். 10 ஆம்பியர் என்றால், 230 வோல்ட் மின்சாரத்தில் 2,300 வாட். 120 வோல்ட் உள்ள இடத்தில் அதே 10 ஆம்பியர் 1,200 வாட்தான். சாக்கெட் எட்டு இருந்தாலும் இருபது இருந்தாலும் மொத்தத்துக்கும் அவ்வளவே.

இப்போது உங்கள் அறையைக் கூட்டிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜர் 65 வாட், போன் சார்ஜர் 20, எல்இடி மேசை விளக்கு 10. மூன்று பேருக்கும் சேர்த்தாலும் 300 வாட்டைத் தொடாது. ஒரு கெட்டில் மட்டும் 1,500 வாட் இழுக்கும்! இஸ்திரிப் பெட்டி 1,000-க்கு மேல். சூடாக்குகிற எந்தப் பொருளும் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். பக்கத்து அறையும் உங்கள் அறையும் ஒரே லைனில் இருந்தால், இரண்டு கெட்டில் ஒரே நேரத்தில் போட்டதும் மொத்த வராந்தாவும் இருண்டுவிடலாம். பரீட்சைக்கு முந்தின நாள் அப்படி நடந்தால் உங்களுக்கு நண்பர்களே இருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் வார்டனிடம் தடை செய்த பொருட்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பல விடுதிகளில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மூன்றும் அதில் இருக்கும். வாங்கியபிறகு பறிகொடுத்தால் கடையும் திருப்பி எடுத்துக்கொள்ளாது, ஒருமுறை தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டால் அது பழைய பொருள். கெட்டிலுக்கு அனுமதி இருந்தால், அந்த நேரத்துக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கெட்டிலைச் சுவரில் உள்ள பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள், பெட்டி வழியாக வேண்டாம்.

பெட்டி வாங்கும்போது வயரைக் கையில் எடுத்து அதன் மேலிருக்கும் எழுத்தைப் படியுங்கள். 0.75 என்றோ 1.5 என்றோ ஓர் எண் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு அது, சதுர மில்லிமீட்டரில். எண் பெரிதாக இருந்தால் கம்பி கனமானது. வயரில் எந்த எழுத்துமே இல்லையா, அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் சார்ஜரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் என்று விற்கும் சாக்கெட்டுகளில் பல, எந்த நாட்டுப் பிளக்கையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. பிடிப்பு தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கிறது.

ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் செருகாதீர்கள். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள், சுருளில் சூடு தேங்கும். பிளக்கின் பின்கள் பழுப்பாவதும், அறையில் மீன் வாடை போல ஒன்று வருவதும் பிளாஸ்டிக் வேகத் தொடங்கியதற்கான அடையாளம். வாடை எங்கிருந்து என்று தேடுவதற்கு முன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஹாஸ்டல் அலமாரிக்கு எந்தப் பூட்டு நல்லது? சாவியா, நம்பர் பூட்டா?

பதில்: நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது கடையிலேயே கனமான பூட்டாகப் பார்த்து வாங்கிப் போனேன். அதன் வளையம் என் அலமாரிக் கொண்டியின் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. மூன்று வருடம் அது காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் உட்கார்ந்திருந்தது. ஆக, முதலில் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். கொண்டியைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும் பாருங்கள். அவை வெளியே தெரிந்தால் திருடனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை, ஸ்குரூடிரைவர் போதும். விடுதி அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மூன்று இலக்க நம்பர் பூட்டில் மொத்தமே 1,000 எண்கள். ஓர் எண்ணுக்கு மூன்று விநாடி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடலாம். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள், அத்தனைப் பொறுமை யாருக்கும் கிடையாது. ஆனால் பிறந்த வருடத்தை வைத்தால் அதுவும் வீண். குளிக்கப் போகும்போது சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவர் என்றால் நம்பர் பூட்டு. இல்லையென்றால் சாவிப் பூட்டே நல்லது. உபரி சாவியை அதே அலமாரிக்குள் வைக்காமல் இருந்தால் சரி!

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. நான்கு முறை சார்ஜ் ஆக வேண்டுமே, மூன்று முறைகூடச் சரியாக வருவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அந்த 20,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாகவோ அதற்கு மேலாகவோ மாற்றி அனுப்பும்போதும், போன் அதை வாங்கிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். மூன்று முறைக்குக் கிட்டத்தட்ட வந்தால் நல்ல பவர் பேங்க்தான். ஒன்றரை முறையோடு நின்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: லேப்டாப்போடு நீட்டித்த வாரன்டியும் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: ஹாஸ்டலில் லேப்டாப் போவது பெரும்பாலும் தண்ணீர் கொட்டியோ, கட்டிலிலிருந்து விழுந்தோதான். சாதாரண வாரன்டியும் சரி, அதை நீட்டித்ததும் சரி, பொதுவாகத் தயாரிப்புக் குறையை மட்டுமே பார்க்கும். விபத்துச் சேதம் சேருமா என்று கேளுங்கள், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். சேராது என்றால் வேண்டாம்.

கேள்வி: ரூம்மேட்டுகள் நால்வரும் பணம் போட்டுச் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு அவர்களைப் பத்து நாளாகத்தான் தெரியும்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பில் ஒருவர் பெயரில்தான் வரும், வாரன்டியும் அவருக்குத்தான். செமஸ்டர் நடுவில் ஒருவர் அறை மாறினால் அவர் பங்கை யார் தருவது? முழு விலையில் கால் பங்கா, பழசான விலையில் கால் பங்கா? இந்தப் பேச்சில் நட்பு முறிந்த அறைகள் எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் அவசியம்தான் என்றால் ஒருவர் வாங்கட்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பொருள் வாங்கட்டும். அவரவர் பொருள் அவரவருக்கு, பயன்படுத்துவது எல்லாரும். போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். தடைப் பட்டியலில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்பதை மறக்காமல் பாருங்கள்.

கேள்வி: நான் ராத்திரி ஒரு மணி வரை படிப்பவன். ரூம்மேட் பத்து மணிக்கே தூங்கிவிடுவான். அவனைத் தொந்தரவு செய்யாத விளக்கு எது? அவன் காலை ஐந்து மணிக்குப் போனில் பேசுவதற்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் உதவுமா?

பதில்: விளக்கு விஷயம் சுலபம். பல்பை முழுக்க மூடும் குடை உள்ள, கழுத்து வளையும் மேசை விளக்கு வாங்குங்கள். வைத்தபிறகு ஒரு வேலை செய்யுங்கள்: அவன் கட்டிலில் அவன் தலையணையில் படுத்துப் பாருங்கள். பல்பு கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் விளக்கைத் திருப்புங்கள். வாட்டைக் குறைப்பதைவிட இது உதவும்.

ஹெட்போன் அவ்வளவாக உதவாது. மின்விசிறி, ஏசி, வண்டி எஞ்சின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் அது நன்றாக அமுக்கும். பேச்சுக் குரல் தப்பி வந்துவிடும். விலை மலிவான ஃபோம் காதடைப்பான் பேச்சுக்கு மேல். ஆனால் அப்படியே திணித்தால் பலனில்லை. விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னோக்கி இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அலாரம் கேட்காமல் போகலாம், மணிக்கட்டில் அதிரும் வாட்ச் இருந்தால் நல்லது. போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கடியில் வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன், ஐந்து மணிப் பேச்சை வராந்தாவில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டீர்களா?

கேள்வி: அறையைக் காலி செய்யும்போது சுவர்ச் சேதம் என்று டெபாசிட்டில் பிடிக்கிறார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: பெட்டியைப் பிரிப்பதற்கு முன் காலி அறையை ஒரே வீடியோவாக எடுங்கள், கதவில் உள்ள அறை எண்ணிலிருந்து தொடங்கி. சுவர்க் கிறுக்கல், ஜன்னல் தாழ்ப்பாள், கட்டில் கால், மேசை இழுப்பறை, கண்ணாடி விரிசல் எல்லாம் வரட்டும். அன்றைக்கே அதை விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் எப்போது எடுத்தது என்ற தகராறு வரும்.

ஆணி வேண்டாம், ஒட்டும் கொக்கி வாங்குங்கள். இழுத்து எடுக்க அடியில் சிறு பட்டை (இழுநாக்கு) வைத்த வகைதான் சுவரைக் கெடுக்காது. ஒட்டியதும் எதையும் மாட்டாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உங்களை நோக்கி இழுத்தால் பெயின்ட்டும் கூடவே வந்துவிடும். நாக்கைப் பிடித்துச் சுவரை ஒட்டினாற்போல் நேர் கீழே மெல்ல இழுங்கள். ரப்பர் போல நீண்டுகொண்டே வந்து தானாகக் கழன்றுகொள்ளும்.