புயலுக்கு எந்த செட்?

கடலூரில் புயலடித்து டவர் போய்விட்டால் சென்னையிலுள்ள அண்ணனோடு பேச பாஃபெங் யுவி-5ஆர் என்ற கையடக்க வாக்கிடாக்கி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அதன் 5 வாட், 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும்; அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் எட்டாவிட்டால் சில கிலோமீட்டர்தான். சென்னைக்கு 7 மெகாஹெர்ட்ஸ் எச்எஃப் (வானில் பட்டுத் திரும்பும் சிற்றலை) செட், தாழக் கட்டிய டைபோல் ஆன்டெனா கம்பி, 12 வோல்ட் பேட்டரி வேண்டும். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து சேதி வந்ததில் எச்எஃப்புக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் இருவரும் ஏஎஸ்ஓசி என்ற ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) தேர்வெழுதி உரிமம் எடுத்திருக்க வேண்டும். உரிமமில்லாமல் செட்டை வைத்திருப்பதே வம்பு, ஆன்லைனில் யார் விற்றாலும் சரி.

அதுவரை புயல் செய்தி கேட்க, மத்திய அலை எடுக்கும் பேட்டரி டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். யுவி-5ஆரில் எஃப்எம் வரும், மத்திய அலை வராது.