துணையாக வந்தவரின் பகல்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இருவரும் பேசி முடிவெடுத்து, என் கணவர் தம் வேலையை விட்டுவிட்டு டிபென்டன்ட் விசாவில் என்னுடன் வந்தார். இங்கே பேசப்படும் மொழி எங்கள் இருவருக்குமே புதியது. என் அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பதால் என்னால் சமாளிக்க முடிகிறது.

முதல் இரண்டு மாதங்கள் அவர் உற்சாகமாகவே இருந்தார். இப்போது அதிகம் பேசுவதில்லை. பகலில் வெளியே போவதும் குறைந்துவிட்டது. மாலையில் நான் வீடு திரும்பும்போது அன்றைக்கு வந்த தபால் உறைகள் மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, கைபேசியில் மொழிபெயர்த்து நான் படிப்பேன். அவர் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து அழைக்கும் உறவினர்கள் "வேலை ஏதாவது அமைந்ததா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பதால், அந்த அழைப்புகளையும் தவிர்க்கத் தொடங்கிவிட்டார். அலுவலகத்தில் எனக்கு ஏதேனும் நல்லது நடந்தால்கூட வீட்டில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

எல்லாம் பழகிவிடும் என்று காத்திருப்பதா, ஊருக்குத் திரும்பிவிடுவதா? நான் என்ன செய்ய வேண்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கணவருடைய மனநிலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அவருடைய பகலைப் பற்றித்தான் முதலில் பேச விரும்புகிறேன். உங்களுக்கு வேலை கிடைத்தபோதே ஒரு முழு நாளும் அதனுடன் சேர்ந்து கிடைத்துவிட்டது: காலையில் எழ ஒரு காரணம், போய்ச்சேர ஓர் இடம், பெயர் சொல்லி அழைக்கச் சிலர், செய்ததைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றோ திருத்துங்கள் என்றோ சொல்ல ஒரு மேலாளர். அவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. தாம் இத்தனை ஆண்டுகள் சேர்த்த திறமைக்கு அங்கே யாரும் மதிப்புத் தராத நிலையில், ஒவ்வொரு நாளையும் காலையில் எழுந்து அவரே புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை எட்டு மாதங்களாகச் செய்து களைத்துப் போயிருப்பவரைச் சோம்பேறி என்றோ மன உறுதி இல்லாதவர் என்றோ யாராவது சொன்னால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். அவரும் தம்மைப் பற்றி அப்படி நினைக்க விடாதீர்கள்.

பிறநாட்டில் குடியேறுபவர்களின் தடுமாற்றத்தைக் 'கலாச்சார அதிர்ச்சி' என்று குறிப்பிடும் வழக்கம் பரவுவதற்குப் பெரிதும் காரணமானவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். 1960இல் கட்டுரையாக வெளிவந்த அவருடைய கருத்துகள், 1954இல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் அவர் ஆற்றிய உரையில் முதலில் சொல்லப்பட்டவை. எப்போது கைகுலுக்குவது, கடையில் எப்படிப் பொருள் வாங்குவது, ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு மெய்யாக எடுத்துக்கொள்வது என்பன போல நாம் யோசிக்காமலேயே பின்பற்றிவந்த எண்ணற்ற குறிப்புகள் திடீரென்று இல்லாமல் போவதால் வரும் பதற்றமே இந்த அதிர்ச்சி என்று அவர் விளக்கினார். எங்கோ நிலைத்த பார்வை, எதையும் செய்ய முடியாது என்ற உணர்வு, ஊர் திரும்பும் ஏக்கம் ஆகியவற்றை அவர் அறிகுறிகளாகப் பட்டியலிட்டிருக்கிறார். உங்கள் கணவருக்கு நேர்வது பலருக்கும் நேர்ந்திருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, 'பழகிவிடும்' என்ற நம்பிக்கையைப் பற்றி. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் என்ற கல்வி உதவித் திட்டத்தில் சென்ற நார்வே நாட்டவர்களை ஆராய்ந்து ஸ்வெரெ லிஸ்கார்ட் 1955இல் எழுதிய கட்டுரையில், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களையும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களையும்விட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறியதாகக் கண்டார். மனநிலை முதலில் கீழிறங்கிப் பிறகு மேலேறுவதாகக் காட்டும் இந்தக் கோட்டைப் பலரும் வெளிநாடு போகிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஒரு பல்கலைக்கழகமோ பணியிடமோ காத்திருக்கும் நிலையில் போனவர்களை வைத்து வரையப்பட்ட கோடு அது. நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை ஆராய்ந்து 1998இல் வெளியான கட்டுரையிலோ, வந்து இறங்கிய நாட்களிலேயே துயரம் அதிகமாக இருந்ததாகத் தெரிந்தது. ஆகவே காலண்டர் இதைச் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பகலில் செய்ய ஒன்றும் இல்லாதவருக்குப் பதினெட்டாம் மாதமும் எட்டாம் மாதத்தைப் போலவே இருக்கக்கூடும்.

முதலில், அவருடைய விசா எதை அனுமதிக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து அரசு இணையதளத்திலேயே படித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். இந்த விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் உயர்திறன் பணியாளருக்கான ப்ளூ கார்டு பெற்றவரின் துணைவருக்கும் பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் வருபவரின் துணைவருக்கும் வேலை செய்யும் உரிமை உண்டு. சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து, டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் வேலைக்குச் சேரப் பொதுவாகத் தமக்கென்று தனி அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் துணைவருக்கு 2015 மே வரை வேலை செய்ய வழியே இல்லை. அதன் பிறகும், எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தை எட்டியிருந்தால்தான் அனுமதி. பழைய நிறுவனத்துக்கே வீட்டிலிருந்து இணையம் வழியாக வேலை செய்து கொடுக்கலாமே என்று பலருக்குத் தோன்றும். பல நாடுகளில் அதுவும் வேலையாகவே கருதப்பட்டு, விசா விதியையும் வரிக் கணக்கையும் பாதிக்கும் என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம். வேலை செய்யலாம் என்றால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. செய்யக்கூடாது என்றால், எத்தனை காலம் வரை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரியாமல் இருப்பதுதான் மனிதரை அரித்துவிடும்.

உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமும் பேசுங்கள். துணைவருக்கு மொழி வகுப்புக் கட்டணம், வேலை தேடும் உதவி போன்றவற்றைப் பல நிறுவனங்கள், கேட்டால், தருகின்றன. பசிபிக் கரையோர நாடுகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கர்களைப் பற்றி 1989இல் வெளியான பிளாக், ஸ்டீஃபன்ஸ் ஆகியோரின் ஆய்விலேயே, துணைவர் அங்கே பொருந்திப்போவதற்கும் பணியாளர் அந்தப் பணியில் நீடிக்க விரும்புவதற்கும் தொடர்பு இருப்பது காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் சலுகை கேட்பதாக எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது அந்தத் தபால் உறைகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை அவைதான். அவர் பிரிக்காமல் அடுக்கி வைப்பதும், நீங்கள் களைத்து வந்து படித்துக் காட்டுவதும் உங்கள் இருவருக்குமே அன்பாகத்தான் தோன்றும். ஆனால், அந்த ஊர் அவரிடம் சொல்ல வருவதெல்லாம் உங்கள் வாய் வழியாகவே அவரை வந்தடைகிறது. மாலை ஆறு மணி வரை அவருக்கும் அந்த ஊருக்கும் பேச்சே இல்லை. அதே மொழிபெயர்ப்புச் செயலி அவர் கைபேசியிலும் இருக்கும். உறைகளை அவரே பிரிக்கட்டும். மின்கட்டணம், காப்பீடு, வாடகைக்கு விட்டவருடன் நடக்கும் கடிதப் போக்குவரத்து, மருத்துவரிடம் பதிவு செய்வது ஆகியவற்றை முழுமையாக அவர் பொறுப்பில் விடுங்கள். முழுமையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது பிடிக்கலாம். எங்காவது தவறு நேர்ந்து தாமதக் கட்டணமும் கட்ட நேரலாம். கட்டிவிடுங்கள். பக்கத்தில் நின்று திருத்தத் தொடங்கினால், அந்த வேலை மறுபடியும் உங்களுடையதாகிவிடும்.

நானும் என் கணவரின் வேலையை ஒட்டி வேற்று நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தவள். குடியிருப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு முதன்முறை தனியாகப் போனபோது, டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, திரையில் எண் மாறுவதைப் பார்த்தபடி, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும், நான் எதிர்பார்த்துப் போன கேள்வியை விட்டுவிட்டு அந்த அலுவலர் வேறொன்றைக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை. அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, நான் நிரப்பாமல் விட்டிருந்த ஒரு கட்டத்தைப் பேனாவால் சுட்டி, அதே கேள்வியை நிதானமாக மறுபடியும் கேட்டார்: பிறந்த ஊர். எழுதிக் கொடுத்தேன், முத்திரை குத்தித் தந்தார். ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்த காரியம்தான். ஆனாலும் அன்று நான் பேருந்தில் ஏறாமல், தெருப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்து வீடு திரும்பினேன். என் கணவர் உடன் வந்திருந்தால் அவரே பேசியிருப்பார், நான் நாற்காலியில் அமர்ந்திருப்பேன்.

இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டியது பெயர்களைப் பற்றி. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கைபேசி இணைப்பு, மின் இணைப்பு எல்லாம் சம்பளம் வாங்குபவரின் பெயரிலேயே அமைந்துவிடுவது இயல்பாக நடந்துவிடுகிறது. வந்த புதிதில் அது வசதியும்கூட. ஆனால் நாளடைவில், எங்கே போனாலும் "கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும்" என்ற பதில் அவருக்குக் கிடைக்கும். சட்டம் இடம் தரும் இடங்களிலெல்லாம் அவருடைய பெயரையும் சேர்த்துவிடுங்கள். அவர் கேட்காமலேயே, கணக்குக் கேட்கப்படாமல், அவர் செலவிடக்கூடிய ஒரு தொகை மாதந்தோறும் அவர் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். நேற்றுவரை சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு, சிறு செலவுக்கும் உங்கள் வங்கி அட்டையை வாங்கிச் செல்வது எவ்வளவு கனமான காரியம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

மனிதர்கள் விஷயத்தில் பொறுமை வேண்டும். அண்மையில் ஊர் மாறி வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கேட்டு, கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருப்பதாகக் கணித்தார். எப்போதோ ஒருமுறை ஒரு விருந்துக்குப் போய்வருவதால் அந்த மணிகள் சேரா. வாரம் இருமுறை, இரண்டிரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு மொழி வகுப்பில் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 50 மணி நேரம் அதே முகங்களுடன் கழிந்துவிடும். அதனால்தான் கைபேசியில் படிப்பதைவிட வகுப்பில் போய் உட்காருவதை நான் வலியுறுத்துகிறேன். அங்கே எல்லோரும் தப்பும் தவறுமாகப் பேசுவதால் கூச்சமும் குறையும். நூலகம், நீச்சல் குளம், விளையாட்டுக் குழு என எதுவானாலும், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருந்தால், அதுவே பெரிய தொடக்கம்.

நம் நாட்டவர்களின் கூட்டமும் தேவைதான், குறிப்பாகத் தொடக்கத்தில். நம் மொழியில் முழு வாக்கியமாகப் பேசி, நம் பேச்சுக்கு ஒருவர் சிரிப்பதைக் கேட்கும் அந்த மாலைகளை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் ஓபர்க் தம் உரையில் கவனித்துச் சொன்ன ஒன்று இன்றும் உண்மை: வெளிநாட்டினர் ஒன்றுகூடி, தாம் வாழும் நாட்டையும் அதன் மக்களையும் குறைசொல்லத் தொடங்கினால், அவர்கள் இந்த அதிர்ச்சியில் இருக்கிறார்கள் என்று அறியலாம் என்றார் அவர். சேரும்போதெல்லாம் குறையே பேச்சாக இருக்கும் வட்டத்திலிருந்து உங்கள் கணவர் வீடு திரும்புகையில் மேலும் சோர்ந்திருந்தால், வேறு வட்டம் தேடிக்கொள்ளுங்கள். உறவினர்களின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். அவருக்கு முன்னால் வேண்டாம். தனியாக அழைத்து, இனி அதைக் கேட்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒன்றை இவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். தூக்கமும் பசியும் மாறி, முன்பு பிடித்தவற்றில்கூட நாட்டமில்லாமல், நாளின் பெரும்பகுதியும் சோர்விலேயே கழிவது இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது நான் மேலே எழுதிய எதுவும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். தம் மொழியில் பேசக்கூடிய மனநல ஆலோசகர் இணையம் வழியாகக் கிடைத்தால் அது அவருக்கு எளிதாக இருக்கும்.

திரும்புவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதைப் போல அவரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. வரும்போது இருவரும் பேசி முடிவெடுத்தீர்கள். திரும்புவதானாலும் அப்படியே முடிவெடுங்கள். இன்றைய சோர்வில் வேண்டாம். மொழி வகுப்பின் முதல் கட்டம் முடியும் நாளையோ, விசாவைப் புதுப்பிக்கும் நாளையோ குறித்துவைத்துக்கொண்டு, அன்று உட்கார்ந்து பேசுங்கள். அவர் அப்போதும் திரும்ப வேண்டும் என்று சொன்னால், உங்கள் வேலை எவ்வளவு நல்லதானாலும், அதை அதே எடையுடன் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தம் வேலையை விட்டபோது அப்படித்தான் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

அதுவரை, அலுவலகத்தில் நடந்த நல்லதை வீட்டில் மறைக்காதீர்கள். நீங்கள் தயங்குவது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தம்மால் உங்கள் மகிழ்ச்சி குறைகிறது என்ற எண்ணம் அவர் சுமைகளோடு சேர்ந்துவிடும். சொல்லுங்கள், பிறகு அவருடைய நாளைக் கேளுங்கள். "இன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். அன்று வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, காப்பீட்டு அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். அவருக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் அவரே எனக்கு எழுதட்டும். அதையும் அவர் அனுமதியுடன் வெளியிடுகிறேன்.

அன்புடன்.