கெப்பின் பின்னால் கியர் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைக்கிளைக் கெப்பில் ஏற்றிக்கொண்டு போவது பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டு, விரிவாகச் சொல்ல வேண்டியதை விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்களிடம் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. விடுமுறைக்குப் பதுளை, பண்டாரவளைப் பக்கம் போகிறோம். எனக்கும் இரண்டு மகன்மாருக்குமாக மூன்று மவுண்டன் சைக்கிள்கள். எப்படி வைத்துப் பார்த்தாலும் பின்கதவு மூடுகிறதில்லை. படுக்க வைத்துக் கொண்டுபோவதா, நிறுத்தியா?
(வாசகர், கல்லடி)

பதில்: நிறுத்தித்தான். டபுள் கெப்பின் பின்பெட்டி எந்தக் கம்பனி வாகனமானாலும் ஏறக்குறைய 1.5 மீற்றர் நீளம், அதாவது ஐந்தடி. 26 அங்குலச் சில்லுள்ள சைக்கிளே டயருக்கு டயர் கிட்டத்தட்ட 1.75 மீற்றர் வரும், இப்போது வருகிற 29 அங்குலச் சைக்கிள் 1.9 மீற்றர் வரை போகும். கதவு எப்படி மூடும்? மூலைக்கு மூலை குறுக்காக வைத்தால் ஒன்று அடங்கும், அவ்வளவுதான்.

படுக்க வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் தட்டு சைக்கிளின் இடப்பக்கம், கியர் வலப்பக்கம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் இரண்டில் ஒன்று அடியில் போகும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பதன் பெடல் கீழே இருப்பதன் சில்லுக் கம்பிகளுக்குள் நுழைந்துவிடும், இறக்கும்போது பிள்ளைகள் அதை அப்படியே இழுப்பார்கள். பின் கியரைத் தாங்கியிருக்கிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வேண்டுமென்றே மிருதுவாகச் செய்யப்படுவது, அடி விழுந்தால் ஃபிரேம் தப்பட்டும், அது வளையட்டும் என்று. அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே போதும், பண்டாரவளை ஏற்றத்தில் பாரம் குறைந்த கியருக்கு மாற்றும்போது கியர் பின்சில்லின் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். கியரும் போகும், சில்லும் போகும்.

நிறுத்திக் கொண்டுபோக இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, கதவை மூடிவிட்டு முன்சில்லைக் கதவுக்கு வெளியே தொங்க விடுவது. பின்சில்லு பெட்டிக்குள் நிற்கும், ஃபிரேமின் கீழ்க்குழாய் கதவின் விளிம்பில் சாயும். இதற்கென்றே தடித்த உறை விற்கிறார்கள், இல்லாவிட்டால் பழைய மெத்தைத் துண்டை நாலாக மடித்துக் கதவோடு சேர்த்துக் கட்டினாலும் போதும். ஏற்றி இறக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. உன்னிச்சைக் குளக்கட்டுக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்புகிற பயணத்துக்கு இதுவே நல்லது.

ஆனால் கல்லடிக்காரர் என்பதால் உங்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபிரேம் சாய்கிற அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், கடற்கரை மணல் கையில் படும். மெத்தைத் துணியில் ஏறிய மணலும் குழாயில் ஒட்டிய மணலும் சேர்ந்து, வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் சேன்ட் பேப்பர் போலத் தேய்க்கும். முதலில் மினுக்கம் போகும், பிறகு பெயின்ற், பிறகு அலுமினியம் வெள்ளையாகத் தெரியும். இன்னும் மோசமான இடம், கீழ்க்குழாயோடு ஓடுகிற பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் எண்ணெய் போகிற சின்னக் குழாய். அது கதவு விளிம்புக்கும் குழாய்க்கும் நடுவில் நசுங்கினால் ஓட்டை விழுந்து எண்ணெய் கசியும், ஓடும் வரைக்கும் அது உங்களுக்குத் தெரியவே வராது. ஏற்றுவதற்கு முன்னால் ஈரத்துணியால் குழாயைத் துடையுங்கள், மெத்தையை உதறுங்கள், ஹோஸ் போகிற இடத்தில் மெத்தையில் ஒரு பள்ளம் வெட்டிவிடுங்கள். சைக்கிள் ஒன்று கெப்பில் பழுதாவது விழுந்து அல்ல, பெரும்பாலும் இப்படித் தேய்ந்துதான். அதனால் எந்த வழியில் ஏற்றினாலும் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: அசைகிறதா, அசைந்தால் எதில் உரசுகிறது?

வெளியே தொங்குகிற முன்சில்லு இலக்கத்தகட்டையோ பின்விளக்குகளையோ மறைக்கக் கூடாது. பொலிஸ் மறிப்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இருட்டில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் பிரேக் விளக்குத் தெரிய வேண்டும். சில்லு காற்றில் ஆடாமல் அதையும் ஃபிரேமோடு கட்டுங்கள்.

நீங்கள் போகப்போவது செங்கலடியில் ஏறி, கரடியனாறு, மகாஓயா, பிபிலை தாண்டி, லுணுகலை, பசறை வளைவுகளால் பதுளைக்கு. அந்தத் தூரத்துக்கும் அந்த வளைவுகளுக்கும் நான் இரண்டாவது வழியையே சொல்வேன். முன்சில்லைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கை (முன்சில்லைப் பிடித்திருக்கிற கவையை) ஒரு பலகையில் பூட்டுவது. இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையைப் பெட்டியின் உள் அகலத்துக்கு ஒட்டினாற்போல் அறுத்து, முன்சுவரோடு வைத்து, பெட்டிக்குள் இருக்கும் கொக்கிகளில் கட்டிவிடுங்கள். அதன்மேல் ஃபோர்க் பூட்டும் தாங்கிகளை அடிக்க வேண்டும். வாங்கலாம், அல்லது வெல்டிங் கடையில் செய்விக்கலாம். செய்விப்பதானால் அளவை வாயால் சொல்லாதீர்கள், முன்சில்லையே கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். பழைய சைக்கிளின் நெம்பு பூட்டு ஒரு மாதிரி, புதியவற்றில் ஃபோர்க்குக்குள் ஊடுருவிப் போகிற 15 மில்லிமீற்றர் அச்சு இன்னொரு மாதிரி, அதிலும் 100 மில்லிமீற்றர் அகலம், 110 என்று இரண்டு வகை. சில்லைக் கண்ணால் பார்த்தால் லேத்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முன்சில்லு இல்லாமல் 26 அங்குலச் சைக்கிள் 1.4 மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும், கதவு மூடும். 29 என்றால் கொஞ்சம் மிஞ்சும், அதைச் சரித்து வைக்க வேண்டிவரும். மூன்று ஹான்டிலும் ஒரே வரிசையில் வந்தால் ஒன்றோடொன்று இடிக்கும், ஆகவே நடுவில் இருப்பதைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்க்க வையுங்கள், அதற்குத் தனியாக ஒரு சின்னப் பலகை. முன்சில்லைக் கழற்றியதும், பிரேக் தட்டைக் கவ்வுகிற பேட் இரண்டுக்கும் நடுவில் கார்ட்போர்ட் மட்டையை மடித்துச் செருகிவிடுங்கள். சில்லு இல்லாத நேரம் யாராவது பிரேக்கை அழுத்தினால் பேட்கள் நெருங்கிவிடும், பிறகு தட்டு உள்ளே போகாது. பிள்ளைகள் கட்டாயம் அழுத்துவார்கள்.

இன்னொன்று. கெப்பின் பின் ஸ்பிரிங் மூட்டைக் கணக்கில் பாரம் தாங்கச் செய்தது. மூன்று சைக்கிளும் சேர்ந்து ஐம்பது கிலோ வராது, அதனால் பின்பக்கம் வெறும் வண்டியாகத்தான் துள்ளும். வேகத்தடையில் முன்னால் இருக்கிற உங்களுக்குத் தெரிவதைவிட இரண்டு மடங்கு பின்னால் எகிறும். மெதுவாகப் போங்கள். கரடியனாற்றில் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் இழுத்துப் பாருங்கள், முதல் இருபது கிலோமீற்றருக்குள் எல்லாம் அமர்ந்து கட்டுத் தளர்ந்திருக்கும்.

கேள்வி: பழைய மோட்டார் சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக் கட்டினால் போதும் என்கிறார் என் கணவர். கடையில் விற்கிற பட்டி வாங்கத்தான் வேண்டுமா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ட்யூப் ஃபிரேமைக் கீறாது, வழுக்காது, காசும் இல்லை. ஆனால் அது இழுபடும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், குழியில் வண்டி துள்ளும்போது ட்யூபும் சேர்ந்து நீளும், சைக்கிள் மேலே எழும்பித் திரும்ப விழும், அப்படி எழும்பி விழுந்துதான் பொத்துவில் வரைக்கும் போகும். ஆகவே பாரத்தைப் பிடிக்க இழுபடாத ஒன்று வேண்டும். நைலோன் கயிறு போதும், பட்டிதான் வேண்டும் என்றில்லை.

கயிறென்றால் முடிச்சு. அதற்கு அக்கரைப்பற்றிலிருந்து எங்கும் போகத் தேவையில்லை, அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றுகிற லொறிக்காரர்கள் கட்டுவதை நின்று பாருங்கள். கயிற்றின் ஒரு முனையை ஒரு பக்கக் கொக்கியில் கட்டி, பாரத்துக்கு மேலால் எடுத்து, நடுவழியில் கயிற்றிலேயே ஒரு வளையம் போடுவார்கள். மறுமுனையை எதிர்ப்பக்கக் கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விட்டுக் கீழே இழுப்பார்கள். நீங்கள் இழுக்கிற பலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கயிற்றில் ஏறும். இழுத்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு சுருக்குப் போட்டால் வேலை முடிந்தது. அவிழ்க்க ஒரு இழுப்பு. அதை ஒருமுறை கைப்பழக்கமாக்கிக்கொண்டால் பட்டியைத் தேட மாட்டீர்கள்.

பட்டி வாங்குவதாக இருந்தால் கையால் இழுத்து இறுக்குகிற வகையை வாங்குங்கள். நெம்பி நெம்பி இறுக்குகிற ராட்செட் வகை பெரிய பாரங்களுக்கானது, பதினைந்து கிலோ சைக்கிளில் அதை இரண்டு நெம்பு அதிகமாக நெம்பினால் எது நசுங்குகிறது என்றே தெரியாமல் நசுங்கும்.

வெட்டிய ட்யூபை எறிய வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. பிரேக் கைப்பிடியை அழுத்தி ஹான்டிலோடு சேர்த்து ஒரு துண்டால் சுற்றிவிட்டால் சில்லு உருளாது (சில்லுப் பூட்டியிருக்கும்போது மட்டும்). சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடையில், கயிறு ஃபிரேமைத் தொடுகிற இடத்தில், பெடலில் எல்லாம் சுற்றிவிடலாம்.

கேள்வி: என்னுடையது கார்பன் ஃபிரேம். கெப்பின் கதவில் சாய்த்துக் கொண்டுபோகலாமா?
(வாசகர், அம்பாறை)

பதில்: சாய்க்கலாம், நசுக்கக் கூடாது. கார்பன் குழாய் ஓடும்போது வருகிற பாரத்துக்கு ஏற்றமாதிரிச் செய்தது, பக்கவாட்டில் ஓரிடத்தில் இறுக்கினால் தாங்காது, வெடிப்பு உள்ளே விழுந்து வெளியே தெரியாமலும் இருக்கும். மேல்குழாய்க்கு மேலால் கயிறு போட்டு இழுக்கவே வேண்டாம். சில்லுகளையும் ஃபோர்க்கின் தலைப்பகுதியையும் பிடித்துக் கட்டுங்கள். இங்கினியாகலைப் பக்கத்துக்கு என்றால் மெத்தையில் சாய்த்தே போகலாம், தூரப் பயணத்துக்கு மேலே சொன்ன பலகை.

கேள்வி: எங்களிடம் கெப் இல்லை. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து பட்டா (சின்ன லொறி) ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடும்பிமலைப் பக்கம் போக யோசிக்கிறோம். ஆறு சைக்கிள் கொள்ளுமா? நாங்களும் பின்னால் ஏறிக்கொள்ளலாமா?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தம்பி: வேண்டாம். சைக்கிள்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு அவற்றைக் கையால் பிடித்துக்கொண்டு போவதை ஊரில் நிறையப் பார்க்கிறோம். சடுதியாக பிரேக் அடித்தால் அந்தச் சைக்கிள் முழுவதும் பிடித்திருப்பவர் மேல்தான் வரும். சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர், மற்றவர்கள் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ கிரானுக்கு வந்து சேருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு உங்கள் படுவான்கரைப் பக்கத்திலிருந்து இந்தப் பயணம் லேசாகிவிட்டது, பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகில், ஏற்றி இறக்கும் பாடு இல்லை.

பட்டாவின் பின்பெட்டி ஏழடிக்குக் கொஞ்சம் மேல், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது டபுள் கெப்பில் அடங்காத சைக்கிள் இதில் சில்லோடு நேராக நிற்கும். ஒன்று முன்னால் பார்க்க, அடுத்தது பின்னால் பார்க்க என்று மாற்றி மாற்றி வைத்தால் நான்கு வசதியாகக் கொள்ளும். ஆறு என்றால் ஹான்டில்களைத் திருப்ப வேண்டும்: ஹான்டிலின் கழுத்தில் இருக்கிற இரண்டு ஆணிகளை அலன் சாவியால் தளர்த்தி, ஹான்டிலைச் சில்லுக்கு நேராகத் திருப்பி, மெதுவாக இறுக்கிவிடுங்கள். கழுத்தின் மேல்மூடியில் இருக்கும் ஆணியைத் தொட வேண்டாம். உள்பக்கம் இருக்கிற பெடல்களையும் கழற்றினால் இன்னும் இடம் வரும். 15 மில்லிமீற்றர் சாவி பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும், இடப்பக்கப் பெடல் மட்டும் எதிர்ப்புரியில் கழலும், வலப்பக்கம்போல நினைத்துப் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். இறங்கியதும் ஹான்டில் நேராக வந்ததா, ஆணிகள் இறுகினவா என்று ஆறு பேரும் மற்றவருடையதைப் பாருங்கள், தன்னுடையதை மட்டும் அல்ல.

பட்டாவின் பக்கச்சுவர் ஓரடி உயரம்தான், சைக்கிள் சாய அதில் இடமில்லை. முன்பக்கக் கம்பியில்தான் முதல் கட்டு விழ வேண்டும், பிறகு இரண்டு பக்கக் கொக்கிகளுக்கும் குறுக்காக. யானை நடமாடுகிற இடம், வெயில் சாய முன்னர் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள். இருட்டில் அவசரமாகக் கட்டுகிற கட்டு நிற்காது.

கேள்வி: அறுகம்பேக்கு ஏற்றிப்போய் வந்தால் இரண்டு நாளில் செயின் துருப்பிடிக்கிறது. ஏன்?
(வாசகர், கல்முனை)

பதில்: கடலோரம் ஓடுகிற வீதியில் திறந்த பெட்டியில் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டே வருகிறது, அதுதான். வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, பிறகு செயின் எண்ணெய். ஈரத்தின்மேல் எண்ணெய் விடாதீர்கள். கராஜில் வாகனம் கழுவுகிற பிரஷர் பைப்பை அச்சுகளுக்கு நேரே பிடித்தால் பெயரிங்குக்குள் உப்புத் தண்ணீரை நீங்களே ஏற்றினதாகிவிடும்.

கேள்வி: வழியில் சாப்பிட நிறுத்தும்போது சைக்கிள்களைப் பூட்டத்தான் வேண்டுமா?
(வாசகர், காரைதீவு)

பதில்: பூட்டுங்கள். ஒரு நீளச் சங்கிலியை எல்லா ஃபிரேமுக்குள்ளாலும் விட்டுப் பெட்டியின் கொக்கியில் பூட்டினால் போதும், சில்லுக்குள்ளால் மட்டும் விடாதீர்கள், நெம்பு பூட்டுள்ள சில்லைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். கழற்றிய முன்சில்லுகளை ஆள் இருக்கிற இருக்கைக்குப் பின்னால் உள்ளே வையுங்கள். வாகனத்தைப் பின்பக்கம் உங்கள் மேசைக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள்.