ஒருமுறை வந்த டெங்கு மறுபடி வருமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "அம்மை மாதிரிதான், ஒரு தடவை வந்தால் மறுபடி வராது" என்கிறார் மாமியார். "இரண்டாவது தடவைதான் ஆபத்து" என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். எதிர்ப்பு சக்தி வந்த பிறகும் எப்படி வரும்? யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி.

முதலில் மாமியார். புதுக் கிருமி உள்ளே வந்ததும் உடம்பு காய்ச்சலையும் வலியையும் கிளப்பி, கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கும். அது அவசரக் காவல்தான். அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்த ஆன்டிபாடியை, அதாவது கிருமியின் மேல் ஒட்டி அதை முடக்கும் புரதத்தை, வெள்ளை அணுக்கள் செய்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். நோய் போன பின்னும் அந்த அணுக்களில் சில உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. அதே கிருமி திரும்ப வந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இந்த ஞாபகம் லேசுப்பட்டதல்ல. அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அதே நோய் வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை என்று பீட்டர் பானும் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். 65 வருஷம்!

டெங்கு விஷயம் வேறு. அதில் நான்கு வகை வைரஸ் உண்டு. உங்களுக்கு வந்த வகை மறுபடி வராது, மாமியார் கணக்கு அதற்குச் சரி. மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் தேய ஆரம்பித்துவிடும்.

இங்கேதான் அக்கா வருகிறார். உங்கள் சமையலறை எவர்சில்வர் டப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் எல்லா மூடியும் ஒன்று போலத்தான் இருக்கும், ஒன்றின் மூடியை இன்னொன்றின் மேல் வைத்தால் உட்காரும், ஆனால் இறுகாது. பழைய ஆன்டிபாடி புது வகை டெங்குவின் மேல் அப்படித்தான் உட்காருகிறது. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்கிச் செரிப்பது சில வெள்ளை அணுக்களின் வேலை. அவை இதையும் விழுங்குகின்றன. மூடி இறுகாததால் வைரஸ் சாகவில்லை, அந்த அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. காவலாளியே கதவைத் திறந்துவிட்ட கதை. இரண்டாம் முறை நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று கருதுகிறோம். வாய்ப்புதான், விதி அல்ல. இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலோர் சாதாரணமாகவே எழுந்து நடமாடுகிறார்கள்.

சரி, இந்த மழையில் காய்ச்சல் வந்தால்? டாக்டரிடம் முதல் வார்த்தையாக "போன வருஷம் டெங்கு வந்தது" என்று சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாற்றைக் குடித்து, வாந்தி எடுத்து, இருந்த நீரையும் இழந்து வருகிறவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். அதைவிடக் கஞ்சித் தண்ணீர் மேல். தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பயம் அதில் இல்லை, காய்ச்சல் இறங்கியதும் வரும் இரண்டு நாளில்தான். "விட்டுவிட்டது" என்று வீட்டில் நிம்மதியாகும் நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கலாம். அந்த இரண்டு நாளில் விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு, துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குப் பிடித்து வைக்கிற அந்த நீல டிரம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், கொசுப்புழு நெளிந்தால் தெரியும். வாரம் ஒருமுறை வெறுமனே கவிழ்த்தால் போதாது. டெங்குவைப் பரப்பும் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது. நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள்.