பச்சை உடம்பும் பாரமான மனமும் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் பிறந்தபோது, அவன் அழத் தொடங்கினாலே எங்காவது எழுந்து போய்விடலாம் என்று எனக்குத் தோன்றும். “பச்சை உடம்புக்காரி அழக்கூடாது” என்று கண்ணைத் துடைத்துவிடும் என் அம்மா, அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. மருத்துவரிடம் சென்று மீண்டேன். இப்போது அதே தவிப்பில் இருக்கும் இளம் தாய்மாருக்குத் துணையாக, மீண்டு வந்த நாங்கள் நால்வர் பேசலாம் என்றிருக்கிறோம். முறையான படிப்பில்லாத நாங்கள் இதில் இறங்கலாமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

இறங்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 701 தாய்மாரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்வில், துணைக்கு வந்தவர்கள் உங்களைப் போன்றவர்களே. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்விலிருந்து தாங்களும் மீண்ட அந்தப் பெண்களுக்கு நான்கு மணி நேரப் பயிற்சி மட்டும் தரப்பட்டது. அவர்கள் தொலைபேசியில் பேசினார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் மனச்சோர்வுக்கான அறிகுறிகள், துணை கிடைக்காத தாய்மாரில் நூற்றுக்கு 25 பேரிடமும், கிடைத்தவர்களில் 14 பேரிடமும் இருந்தன. அங்கே முதல் அழைப்பைத் துணைக்கு வந்தவரே செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோர்ந்து கிடப்பவள் தானாக எண்ணைத் தேடி அழைக்க மாட்டாள். கோவாவில் ‘சகி’ என்ற பெயரில் உள்ளூர்த் தாய்மாரே வீடு தேடிச் சென்ற முயற்சியின் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் தாய்வீட்டில் பூண்டுக் குழம்பும் லேகியமும் வெந்நீரும் குறைவின்றிக் கிடைக்கும். ஆனால் இரவெல்லாம் கண்விழித்துப் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவிடம், “இந்தப் பிள்ளைமேல் எனக்குப் பாசமே வரவில்லை” என்று எந்த மகளால் சொல்ல முடியும்? நானும் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தை முகம் சுளிக்காமல் கேட்டு, “எனக்கும் அப்படி இருந்தது, பிறகு வந்தது” என்று சொல்ல, அதைக் கடந்து வந்த ஒருத்தி வேண்டும். சொல்லிவிட்டு அறிவுரைக்குத் தாவாமல் இருப்பதுதான் கடினம். நம்மவர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

எதைக் கேட்டால் நீங்கள் விலகி மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் தொடங்கும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டி நீண்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலின் பத்துக் கேள்விகளில் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, தூக்கமே இல்லாமல், பேச்சு தொடர்பற்று, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கத் தொடங்கும். பேய்க்கோளாறு என்று கோயிலுக்கு அழைத்துப் போய் நாளைக் கடத்துவார்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் அது, அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கும் பிரிவு உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் நால்வரில் யாருக்கும் இல்லை.

கூட்டம் என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்காகப் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே சொல்லி வைத்துவிட்டு அங்கே போய் உட்காருங்கள். பிள்ளையைத் தூக்கி வரும் பாட்டியிடம் முதலில் பேசுங்கள். அவர் இசைந்தால்தான் மகளுடைய கைப்பேசி எண் உங்களுக்குக் கிடைக்கும்.