பூனையின் தட்டில் என்ன இருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் பூனை வளர்ப்பு குறித்த கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உணவைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது சைவ வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் கொல்லையில் ஒரு பூனை ஈன்றுவிட்டுப் போன குட்டிகளில் ஒன்று எங்களிடமே தங்கிவிட்டது. காலையில் பால், மதியம் தயிர் சாதம், மாலையில் பாலில் ஊறிய பிஸ்கட் என்று விரும்பித்தான் சாப்பிடுகிறது. இரண்டு மாதங்களாக அது நடக்கும்போது கதவு நிலையில் முட்டிக்கொள்கிறது. நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகன்றே இருக்கிறது. வயதாகிவிட்டதா? மாமிசம் இல்லாமல் இதை வளர்க்க வழி இருக்கிறதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடித்ததும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மூன்று வயது பூனைக்கு முதுமை அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் அதன் விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தருகின்றன. கருவி வைத்துக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அதே வேளையில் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

டாரின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. மனித உடலும் பெரும்பாலான நாய்களின் உடலும் மற்ற புரதங்களிலிருந்து இதைத் தாமே செய்துகொள்கின்றன. பூனையின் உடலுக்கு இதைப் போதிய அளவில் செய்துகொள்ளும் திறன் இல்லை. தசையிலும், அதைவிடக் கூடுதலாக இதயம் போன்ற உறுப்புகளிலும் இருக்கும் இந்தச் சத்து, அரிசியிலும் கோதுமையிலும் பருப்பிலும் இல்லை. பசும்பாலிலும் தயிரிலும் பூனைக்குப் பற்றாத அளவே இருக்கிறது. டாரின் இல்லாத உணவை உண்ணும் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975-லேயே ஆய்வில் நிறுவப்பட்டது. 1987-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இதயத்தசை தளர்ந்து அறைகள் விரிந்து பூனைகள் இறந்துபோவதற்கும் இதே குறைபாடு காரணமாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பூனைகளில் பல, கடையில் வாங்கிய உணவையே உண்டு வந்தவை. அதன் பிறகுதான் உணவுத் தயாரிப்பாளர்கள் டாரின் அளவை உயர்த்தினார்கள். டாரின் கொடுத்தபோது தளர்ந்த இதயங்கள் பலவும் மீண்டும் வலுப்பெற்றன. ஆனால் விழித்திரையில் அழிந்த பகுதி திரும்பி வருவதில்லை. மேலும் அழியாமல் தடுக்கத்தான் முடியும். உங்களை நான் இவ்வளவு அவசரப்படுத்துவது அதனால்தான்.

டாரின் ஒன்றோடு இது முடிவதும் இல்லை. பரங்கிக்காயிலும் கேரட்டிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்தை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடல் மாற்றிக்கொள்ளாது. இறைச்சிக் கொழுப்பில் கிடைக்கும் அராக்கிடோனிக் அமிலத்தையும் அது வெளியிலிருந்தே பெற்றாக வேண்டும். தயிர் சாதம் அதன் வயிற்றை நிரப்பும், எடையைக்கூட ஏற்றும். ஆனால் உள்ளே ஒவ்வொரு சத்தாகக் குறைந்துகொண்டே வருவது, கதவில் முட்டிக்கொள்ளும் நாள் வரை வெளியே தெரியாது.

உங்கள் வீட்டு வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், முழுமையான உணவு என்று குறிக்கப்பட்ட உலர் உணவில் பூனைக்குத் தேவையான எல்லாச் சத்துகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதில் இறைச்சி சேர்ந்திருக்கும் என்றாலும், உங்கள் சமையலறைக்குள் இறைச்சி வரவேண்டியதில்லை, யாரும் அதைத் தொட்டுச் சமைக்க வேண்டியதும் இல்லை. தனிக் கிண்ணம், தனிக் கரண்டி வைத்துக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிடலாம். எத்தனையோ சைவ வீடுகளில் இப்படித்தான் பூனைகள் நலமாக வாழ்கின்றன. அதற்கும் மனம் ஒப்பாவிட்டால், அந்தப் பூனையை அசைவ வீட்டினர் ஒருவரிடம் ஒப்படைப்பதே அதற்கு நீங்கள் செய்யும் நன்மையாக இருக்கும்.

கேள்வி: தினமும் காலையில் மீன்காரர் கொடுக்கும் சாளையைப் பச்சையாகவே எங்கள் பூனைக்குப் போடுகிறோம். வேறு எதையும் அது தொடுவதில்லை. கடற்கரை ஊர்ப் பூனைக்கு மீனைவிட நல்ல உணவு எது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: மீன் நல்ல உணவுதான், ஐயா. ஆனால் மீன் மட்டுமே உணவாகிவிடும்போது இரண்டு தொல்லைகள் வருகின்றன. பச்சை மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். இப்படி நாள்தோறும் உண்ணும் பூனை முதலில் உணவைக் குறைக்கும், பிறகு தள்ளாடும். முற்றிய நிலையில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் மோவாய் மார்பில் படும்படி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டாவது, சாளை எண்ணெய் மிகுந்த மீன். வைட்டமின் ஈ போதாத நிலையில் இந்த எண்ணெய் தொடர்ந்து உடலில் சேர்ந்தால், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழற்சியுற்று வீங்கி, தொட்டாலே பூனை வலியில் கத்தும்.

வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை நீக்கி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுங்கள். மற்ற நாட்களின் உணவு வேறாக இருக்கட்டும். மீதமான மீன் குழம்பைச் சாதத்தில் பிசைந்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். வெங்காயம் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். அப்படியானால் நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். குழம்பில் கரைந்திருந்தாலும், பொடியாக இருந்தாலும் அதன் நஞ்சு குறைவதில்லை. பூண்டும் அப்படியே. கருவாட்டை அதன் உப்புக்காகவே தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கடை உணவில் நம்பிக்கை இல்லாததால் எங்கள் குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் வேகவைத்துக் கொடுக்கிறேன். இதைவிடச் சுத்தமான உணவு இருக்க முடியாது என்று நினைக்கிறேன். சரிதானே? (வாசகி, சேலம்)

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் இதே நம்பிக்கையோடு வளர்க்கப்பட்ட ஐந்து மாதக் குட்டி ஒன்றை என்னிடம் தூக்கிவந்தார்கள். நாற்காலியிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்திருந்தது. எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் சுற்றியிருந்த சதையின் சாம்பல் நிறத்துக்கு மங்கியிருந்தன; முறிந்த எலும்பு மட்டுமல்ல, முதுகெலும்பு முழுவதுமே அப்படி இருந்தது. அந்த வீட்டினர் குட்டிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை; நாள் தவறாமல் புதுக் கறி வாங்கி, தோல் நீக்கி, வேகவைத்துக் கொடுத்திருந்தார்கள்.

சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதைத் தன் எலும்புகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வளரும் குட்டிக்கு அந்த இழப்பைத் தாங்க முடியாது. எலியைத் தின்னும் பூனை அதன் தசையை மட்டும் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இதயம் எல்லாவற்றையும் சேர்த்தே தின்கிறது. நாம் கறிக்கடையில் எலும்பை நீக்கிவிட்டு வாங்கும்போது அந்தச் சமநிலையையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதை ஈடுசெய்ய ஈரலை நாள்தோறும் கொடுப்பதும் தவறு. வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வெந்த கோழி எலும்பும் கூடாது, அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சையாகக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி ஒருபுறம் இருக்க, 2023-ல் போலந்தில் பறவைக் காய்ச்சலால் வீட்டுப் பூனைகள் பல இறந்தன. பச்சைக் கோழி இறைச்சியின் மீதும் ஐயம் எழுந்தது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் குட்டிக்கு ஒரு வயது வரை, குட்டிகளுக்கென்று குறிக்கப்பட்ட முழுச்சத்து உணவே அடிப்படையாக இருக்கட்டும். வேகவைத்த கோழியை, வெந்த நீரோடு சேர்த்து, நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கொடுங்கள். டாரின் நீரில் கரைவது என்பதால் அந்தச் சாற்றைக் கொட்டிவிட வேண்டாம்.

கேள்வி: கருத்தடை செய்த ஆண் பூனை, வயது நான்கு. உலர் உணவு மட்டும் உண்கிறது. போன மாதம் சிறுநீர் அடைத்துக்கொண்டு குழாய் வைத்து எடுத்தார்கள். இனி என்ன உணவு கொடுப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனை. தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெற்றுக்கொண்டதால், தாகம் எடுத்துத் தேடிக் குடிக்கும் பழக்கம் அதன் வழிவந்தவற்றிடம் குறைவு. எலியின் உடலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். பவுச்சில் வரும் ஈர உணவில் 75 முதல் 80 விழுக்காடு. உலர் உணவிலோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு. உலர் உணவு உண்ணும் பூனை கூடுதலாக நீர் குடித்தாலும் இந்த வேறுபாட்டை முழுவதும் ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாகிறது, ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது என்பதால் மணல் போன்ற படிகங்களே அதை அடைத்துவிடுகின்றன.

ஆகவே உணவின் பெரும்பகுதியை ஈர உணவாக மாற்றுங்கள். செலவு தாங்காது என்றால், காலையும் மாலையும் ஒவ்வொரு பவுச், இடையில் அளந்த உலர் உணவு என்று வைத்துக்கொள்ளலாம். உலர் உணவிலேயே வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஊறவைத்தும் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலில் அது அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது. தண்ணீரை அகலமான கிண்ணத்தில், சோற்றுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

சிறுநீர்ப் பிரச்சினைக்கென்று தனி உணவு கடையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லை அத்தகைய உணவு கரைக்கும்; கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்த உணவும் கரைக்காது. எந்த வகை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அது மீண்டும் மணல் தட்டில் போய் முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் எழுந்தால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். முழு அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: பாக்கெட்டில் புரதம் 32 விழுக்காடு என்று போட்டிருக்கும் உலர் உணவையும், 10 விழுக்காடு என்று போட்டிருக்கும் ஈர உணவையும் ஒப்பிட்டால் உலர் உணவுதானே மேல்? (வாசகர், சென்னை)

பதில்: நீரைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஈர உணவில் 80 பங்கு நீர் என்றால் மீதம் 20 பங்கு. அந்த 20-ல் 10 புரதம், அதாவது 50 விழுக்காடு. உலர் உணவில் 10 பங்கு நீர் போக மீதம் 90; அதில் 32 என்பது 36 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் மீன் படத்தைவிடப் பின்பக்கத்தின் பொடி எழுத்துகளே முக்கியம். முழுமையான, சமச்சீரான உணவு என்றும், குட்டிக்கா வளர்ந்த பூனைக்கா என்றும் அங்கே குறிப்பிட்டிருக்க வேண்டும். கூழ் வடிவில் சிறு குழல்களில் வருபவை பெரும்பாலும் தின்பண்டங்கள்தாம். அவை சோறு ஆகா.

விலை உயர்ந்ததே சிறந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் திறந்த மூட்டையிலிருந்து சில்லறையாக அளந்து விற்கும் உலர் உணவை வாங்காதீர்கள். கடலோரத்து ஈரக்காற்றில் அதன் கொழுப்பு கெட்டு வாடை எடுக்கும், பூஞ்சை பிடிக்கும், காலாவதி நாளும் தெரியாது. அளவைப் பொறுத்தவரை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வரை தேவைப்படும். உலர் உணவில் இது சுமார் 50 முதல் 60 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நீங்கள் கையால் அள்ளிப் போடும் அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நாய்க்கு வாங்கும் உணவையே பூனைக்கும் போடலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: கூடாது. நாயின் தட்டிலிருந்து ஒருநாள் ஒரு வாய் எடுத்துத் தின்றால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் அதுவே உணவு என்றால், முதல் பதிலில் சொன்ன டாரின் குறைபாடு வரக்கூடும். புரதமும் பூனைக்குப் போதாது.

கேள்வி: எங்கள் பூனை ஏழு கிலோ இருக்கிறது. எடை குறைக்கப் புதிய உணவு வாங்கினோம். இரண்டு நாளாகத் தொடவே இல்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்று வீட்டில் சொல்கிறார்கள். (வாசகி, திருச்சி)

பதில்: தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள், அம்மா. பருத்த பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்து, ஈரல் செயலிழக்கத் தொடங்கும். இந்த வரிகளைப் படிக்கும்போதே பழைய உணவை எடுத்துத் தட்டில் வையுங்கள். லேசாகச் சூடாக்கினால் மணம் எழும்பும். பூனை நாக்கைவிட மூக்கைத்தான் அதிகம் நம்புகிறது. அதையும் தொடவில்லை என்றால், அல்லது காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பிடத் தொடங்கிய பிறகு மாற்றத்தை மெல்லச் செய்யலாம். முதல் மூன்று நாள் பழைய உணவில் கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைக் கலந்து, பிறகு சரிபாதி, பிறகு முக்கால் என்று பத்து நாட்களில் மாற்றுங்கள். எந்தக் கட்டத்தில் முகம் திருப்புகிறதோ அங்கேயே இரண்டு நாள் நின்றுவிட்டுப் பிறகு தொடருங்கள். எடை வாரத்துக்கு ஒரு விழுக்காடு, உங்கள் பூனைக்குச் சுமார் 70 கிராம், குறைந்தால் போதும்.