பெட்டியைத் திறப்பதற்கு முன்: சுங்கம் பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

சுங்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். வளைகுடாவுக்கும் இலங்கைக்கும் போய்வரும் குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. வழியில் பார்ப்பவர்கள் கேட்டதையும் எழுதிக் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கூடலூர், ஒரு தாய்: என் மகன் சார்ஜாவில் இரண்டு ஆண்டு வேலை முடித்துக் கோவை வழியாக வருகிறான். தங்கைக்கு நகை வாங்கியிருக்கிறான். எத்தனை பவுன் கொண்டுவரலாம்?

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர் ஆணாக இருந்தால் 20 கிராம், பெண்ணாக இருந்தால் 40 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம். நம் கணக்கில் இரண்டரைப் பவுன், ஐந்து பவுன். இது நகைக்கு மட்டும்தான். தங்கக் காசும் பிஸ்கட்டும் இந்தச் சலுகையில் வராது. அளவு கூடினால் மறைக்க வேண்டாம். வரி கட்ட வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டட்டும்.

அம்மா, இன்னொன்றையும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "இந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துப் போ, விமான நிலையத்தில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யார் கேட்டாலும், ஊர்க்காரராகவே இருந்தாலும், கை நீட்டக் கூடாது. முதல் விடுமுறைக்கு வரும் பையன்கள்தான் இதில் சிக்குகிறார்கள். கொடுத்தவன் காணாமல் போய்விடுவான், வழக்கு சுமந்து வந்தவன் மேல்தான். தம்பியின் கல்யாணத்துக்கு வந்த பையன் ஒருவன் என் எதிரில் உட்கார்ந்து அழுததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

குன்னூர்: நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறோம். 1,10,000 ரூபாய்க்குப் புதிய கைப்பேசி ஒன்றைப் பரிசாக வாங்கினோம். வரியில்லாமல் கொண்டுவர ஒவ்வொருவருக்கும் உள்ள வரம்பை இருவருக்கும் சேர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்த வரம்பு 2026 பிப்ரவரியில் 75,000 ஆனது. ஆனால் அன்றும் இன்றும் அது ஆளுக்கு ஆள் தனி. ஒரே பொருளை இரண்டு பேர் கணக்கில் பிரிக்க வழியில்லை. வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு வரி உண்டு. கடைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் கொண்டுவரும் ஒரு மடிக்கணினி இந்தக் கணக்கில் சேராது.

கோத்தகிரி: இலங்கையின் ஹட்டனிலிருந்து பெரியம்மா வருகிறார்கள். அங்கே அவர்கள் வீட்டு ரோஜாக் குச்சியும் டாலியா கிழங்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துணியில் சுற்றினால் கெடாதல்லவா?

கெடாது. என் கவலையே அதுதான். தயவுசெய்து இன்றே அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடுவதற்கான விதை, குச்சி, கிழங்கு எதுவானாலும் 2003 ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஆணைப்படி முன் அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விமானமானாலும் நாகப்பட்டினம் கப்பலானாலும் அப்படித்தான். சொந்த உபயோகத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறைவான பழம், காய், பூச்செண்டு என்றால் விலக்கு உண்டு. நடும் பொருளுக்கு அந்த விலக்கு இல்லை.

ஒரு குச்சிக்கு இவ்வளவா என்று தோன்றும். அதோடு ஒட்டிவரும் பூச்சிக்கும் நோய்க்கும்தான் பயம். 1961இல் ஊட்டியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். கடுகைவிடச் சிறிய கூடு ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. விதைக்கிழங்கு விற்றுப் பிழைத்த மலைக்கு அது எத்தனை பெரிய அடி என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் முத்தோரை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவர 1985 ஆயிற்று. காபியை அழிக்கும் காய்த்துளைப்பான் பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது நம் கூடலூர்ப் பகுதியில்தான், 1990இல். பெரியம்மாவின் இலங்கையிலேயே 1869இல் இலைத்துரு நோய் வந்து காபித் தோட்டங்களை அழித்தது. அதன் பிறகுதான் அந்த மலைகளில் தேயிலை பரவியது.

பெரியம்மா தேயிலைப் பொட்டலம் கொண்டுவரட்டும், வீட்டில் செய்த தொதல் இனிப்பு கொண்டுவரட்டும். பூச்செடி இங்கேயே கிடைக்கும்.

ஊட்டி: லண்டனில் பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகன் மலை ரயிலைப் படமெடுக்க டிரோன் கொண்டுவருகிறான்.

2022 பிப்ரவரி முதல் டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தெரியாமல் கொண்டுவந்துவிட்டால், இறங்கியதும் உண்மையாக அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளைச் சுங்கத்தில் நிறுத்திவைத்து, திரும்பிப் போகும்போது கொடுக்கும்படி கேட்கச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இடம் தருகிறது. மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். மின் சிகரெட்டுக்கும் தடைதான்.

கொடைக்கானல்: இங்கிருந்து போகும்போது? மகளுக்கு நியூசிலாந்துக்கு மலைத்தேன் கொடுத்தனுப்பலாமா?

வேண்டாம். இந்தியத் தேனை அங்கே அனுமதிக்க மாட்டார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். நாம் குருமாவில் அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். சொந்த நகையைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாக்குவாதம் இல்லை.

கோத்தகிரி, மீண்டும்: பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் போன வருடம் அவர்கள் கொண்டுவந்த டாலியா எங்கள் வாசலில் பூத்து நிற்கிறது. என்ன செய்வது?

சொன்னதற்கு நன்றி. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கிழங்கு பிரித்துக் கொடுக்காதீர்கள். பிடுங்கி ஓடையில் எறியவும் வேண்டாம். அந்தத் தொட்டி மண்ணை வேறு பாத்திக்கு மாற்றாமல், தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி வந்து பார்க்கக் கேளுங்கள். தயக்கமாக இருந்தால் திங்கட்கிழமை காலை நானும் கூட வருகிறேன்.